வயிற்றில் பிள்ளையோடு திருகோணமலைக்கு: தரைவழிப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர். விடியப் புறப்பட்டால் மத்தியானச் சோற்றுக்கு இங்கே வந்துவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தக் கணக்கு உதவாது. அவருடைய பயணத்தைக் கிலோமீற்றரால் அளக்கக் கூடாது. இருக்கையில் எத்தனை மணி நேரம் தொடர்ந்து இருக்கப்போகிறார், அடுத்த கழிவறை எங்கே, அடுத்த பெரிய வைத்தியசாலை எங்கே என்ற மூன்றாலும் அளக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த அளவைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. சென்னையிலிருந்தோ, லண்டன், ரொறன்ரோவிலிருந்தோ முதல்முறை வருகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது.

முதலில் வாரம், பிறகு மாதம்

பயணத்துக்கு உகந்த காலம் 14ஆம் வாரம் முதல் 28ஆம் வாரம் வரை. அதற்குள்ளும் 20 முதல் 26 வரை இன்னும் நல்லது. வாந்தியும் மயக்கமும் பெரும்பாலும் அடங்கியிருக்கும், வயிறு இன்னும் பாரமாகியிருக்காது, 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் விரிவான ஸ்கேனும் முடிந்திருக்கும். அந்த ஸ்கேன் அறிக்கை கைக்கு வராமல் விமானச்சீட்டு எடுக்க வேண்டாம். நச்சுக்கொடி கீழிறங்கி இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். இருந்தால் பயணம் இல்லை. 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையை ஒன்றில் முன்னரே முடித்துக்கொள்ளுங்கள், அல்லது திரும்பிய கிழமைக்கே நாள் குறித்து வையுங்கள்.

விமான நிறுவனங்கள் பெரும்பாலும் 28ஆம் வாரத்திலிருந்து மருத்துவரின் கடிதம் கேட்கும். ஒற்றைப் பிள்ளை என்றால் 36ஆம் வாரம் அளவோடும், இரட்டை என்றால் 32ஆம் வாரம் அளவோடும் ஏற்றுவதை நிறுத்திவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது சற்று மாறும், ஆகவே அவர்களுடைய விதியை எழுத்தில் பாருங்கள். இங்கே பலர் பிழைவிடுவது ஓரிடத்தில்: புறப்படும் நாளின் வாரத்தை எண்ணுகிறார்கள், திரும்பும் நாளின் வாரத்தை எண்ணுவதில்லை. 27ஆம் வாரத்தில் கடிதமில்லாமல் வந்தவர் 29ஆம் வாரத்தில் திரும்பும்போது விமான நிலையத்தில் நிற்க வேண்டிவரும். கடிதத்தில் எத்தனை வாரம், ஒற்றையா இரட்டையா, பிரசவத் திகதி எப்போது, பறக்கத் தடையில்லை என்ற நான்கும் இருக்கட்டும்.

வாரம் சரிவந்த பிறகு மாதத்தைப் பாருங்கள். திருகோணமலைக் கடல் சித்திரை, வைகாசியில் அடங்கத் தொடங்கிப் புரட்டாதி வரை குளம்போலக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடையோடு பெருமழை. கடல் கொந்தளிக்கும், தாழ்வான வீதிகளில் வெள்ளம் ஏறும், வைத்தியசாலைக்குப் போகும் வழியே மறிபடலாம். உங்கள் 20–26 வாரம் டிசம்பரில் விழுந்தால் இந்தமுறை திருகோணமலையை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் தென்மேற்குக் கரை, பெந்தோட்டை, காலிப் பக்கம், அமைதியாக இருக்கும். எங்கள் ஊரைப் பிள்ளை பிறந்த பிறகு தூக்கிக்கொண்டு வந்து காட்டலாம்.

புறப்படக் கூடாதவர்கள்

இந்தக் கர்ப்பத்தில் இரத்தக்கசிவு வந்தவர்கள், நச்சுக்கொடி கீழே இருப்பவர்கள், கருப்பை வாய் பலவீனம் என்று தையல் போட்டவர்கள், முன்னர் குறைமாதத்தில் பிரசவித்தவர்கள், இரத்த அழுத்தம் ஏறியவர்கள், கடுமையான இரத்தச்சோகை உள்ளவர்கள், முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள் தங்கள் மருத்துவர் வாய்திறந்து “போகலாம்” என்று சொல்லாமல் பெட்டி கட்டக் கூடாது. மருத்துவரிடம் “பயணம் போகலாமா” என்று மட்டும் கேட்டால் போதாது. “இரண்டு நாள், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வாகனத்தில், வெயில் கூடிய ஊர், டெங்கு உள்ள நாடு” என்று முழுவதையும் சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் பதில் உங்களுக்கான பதிலாக இருக்கும்.

கையோடு வர வேண்டிய தாள்கள்: கர்ப்பகாலப் பதிவேடு, ஸ்கேன் அறிக்கைகள், கடைசி இரத்தப் பரிசோதனை, இரத்த வகை, எடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் தாய் சேய் நல அட்டையையே கொண்டுவரலாம். இலங்கைப் பெண்கள் கிளினிக் கார்டை வீட்டில் வைத்துவிட்டு வருவது வழக்கம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தொலைபேசிச் செயலியில் மட்டும் பதிவு இருந்தால் அதை அச்சிட்டு இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று உங்கள் கைப்பையில், மற்றது கணவரிடம். பிரதியின் மேல் பக்கத்தில் இரத்த வகையைப் பெரிதாக எழுதுங்கள். ஆர்எச் நெகட்டிவ் என்றால் சிவப்பில் எழுதுங்கள். வயிற்றில் அடிபட்டாலோ இரத்தம் கசிந்தாலோ 72 மணி நேரத்துக்குள் ஆன்டி–டி ஊசி போடவேண்டி வரும், அதைச் சொல்லும் நிலையில் நீங்கள் இல்லாமலும் போகலாம்.

பயணக் காப்புறுதியில் மூன்று கேள்விக்கு எழுத்தில் விடை வாங்குங்கள். கர்ப்பச் சிக்கலுக்குப் பணம் தருவார்களா, எத்தனையாவது வாரம் வரை, பிள்ளை முன்கூட்டிப் பிறந்தால் பிள்ளையின் செலவையும் ஏற்பார்களா. மலிவான பல காப்புறுதிகளில் கர்ப்பம் என்ற சொல்லே விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். மூன்றாவது கேள்வியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம், செலவு கூடியதும் அதுதான்.

வழியைத் துண்டாக்குதல்

ஒரு நாளில் நாலு மணி நேர ஓட்டம், இடை நிறுத்தங்களோடு சேர்த்து ஐந்தரை மணி. இதற்கு மேல் வேண்டாம்.

கட்டுநாயக்கவில் இறங்குகிறவர்கள் அன்றிரவு பக்கத்திலுள்ள நீர்கொழும்பில் தங்குங்கள். விடியப்புறம் இறங்கி, தூங்காத கண்ணோடு நேரே திருகோணமலைக்கு ஓடுவதுதான் இந்தப் பயணத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. விமானத்தில் வீங்கிய கால் வடிவதற்குள் அடுத்த ஆறு மணி நேரம் மடங்கிக் கிடக்கும். காலில் இரத்தம் உறையும் ஆபத்து கர்ப்பத்தில் ஏற்கெனவே கூடியிருக்கிறது, அதன்மேல் இது சேர்கிறது. இரண்டாம் நாள் நீர்கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை வழியாக ஹபரணை வரை ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி அங்கே தங்கலாம். மீரிகமவிலிருந்து குருநாகல் வரை 2022இல் திறந்த அதிவேக வீதி இருக்கிறது. அதில் குலுக்கல் குறைவு, ஆனால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, ஏறுமுன் கழிவறைக்குப் போய்விடுங்கள். மூன்றாம் நாள் ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாகத் திருகோணமலை 85 கிலோமீற்றர் அளவு, இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காடு. பொழுதுபட யானைகள் வீதியைக் கடக்கும், இருட்டினால் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். சாரதி திடீரெனப் பிரேக் போடும் வீதி அது. பின்னேரம் நாலு மணிக்கு முன் அதைத் தாண்டிவிட வேண்டும். யானையைக் கண்டால் நிறுத்திப் படமெடுக்கவோ பழம் எறியவோ விடாதீர்கள்.

ஹபரணையில் தங்கும்போது சிகிரியாக் குன்று பக்கத்தில்தானே என்று மனம் இழுக்கும். அது 1,200 படி அளவு. மின்னேரியா ஜீப் சவாரியும் இதே வகைதான், மூன்று மணி நேரம் பள்ளத்திலும் திட்டியிலும் தூக்கிப் போடும். இரண்டையும் விடுங்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. பலாலி விமான நிலையத்துக்குப் பறந்து யாழ்ப்பாணத்தில் ஓரிரவு தங்கி, ஏ9 வீதியில் வவுனியா வந்து, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு இறங்கலாம். ஏறத்தாழ 235 கிலோமீற்றர். இதையும் வவுனியாவில் இரண்டாக வெட்டுங்கள். வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் நிற்கும். சுடச்சுட வறுத்த கச்சான் (நிலக்கடலை) வாங்கி மடியில் வைத்துக் கொறித்துக்கொண்டு வந்தால் வெறும் வயிற்றுக் குமட்டல் வராது. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலைக் கர்ப்பிணிக்கு நாங்கள் சொல்லமாட்டோம்; கடல் அலைந்தால் பல மணி நேர வாந்தி, இறங்கி நடக்க இடமில்லை.

வாகனமும் வார்ப்பட்டியும்

நீங்களே ஓட்டுவதை விட்டுவிடுங்கள். வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே செல்லாது, அதற்கு இங்கே தனி அங்கீகாரம் பெற வேண்டும். அதோடு பஸ்களின் முந்தலும் முச்சக்கர வண்டிகளின் திருப்பமும் பழகாதவரின் நெஞ்சைப் படபடக்க வைக்கும். சாரதியோடு வாகனம் பிடிப்பதே ஓய்வு.

வான் என்றால் இங்கே பலரும் கேடிஎச் எனப்படும் ரொயோட்டா வானைத்தான் அனுப்புவார்கள். குடும்பத்துக்கு வசதி, ஆனால் படி உயரம், கடைசி இருக்கை பின்சில்லுக்கு நேர் மேலே. ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் விழும். வான்தான் என்றால் நடு இருக்கையில் இருங்கள், ஏறி இறங்க ஒரு சிறு பலகைப் படி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் மட்டும் என்றால் கார் நல்லது.

எந்த வாகனமானாலும் பேரம் பேசுமுன் கேட்க வேண்டியது: பின் இருக்கையில் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்த வார்ப்பட்டி இருக்கிறதா? பல வான்களின் பின் இருக்கைகளில் இடுப்புப் பட்டி மட்டுமே இருக்கும், சிலவற்றில் அதுவும் உறைக்குள் புதைந்து கிடக்கும். “இருக்கு” என்ற சொல்லை நம்ப வேண்டாம். இழுத்துப் பூட்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவரை விட்டு அடுத்தவரைப் பாருங்கள்.

பட்டியைப் போடும் முறை: இடுப்புப் பகுதி வயிற்றுக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பெலும்பில் படிய வேண்டும். தோள் பகுதி இரு மார்புக்கு நடுவாக இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். வயிற்றின் மேல் எந்தப் பகுதியும் குறுக்கே போகக் கூடாது. பிரேக் போட்ட கணத்தில் பட்டி இறுகும். அது வயிற்றுக்கு மேலிருந்தால் அந்த அழுத்தம் முழுவதும் கருப்பையில் இறங்கி நச்சுக்கொடி பிரியக்கூடும். இதற்குப் பயந்து பட்டியே போடாமல் இருப்பது இன்னும் ஆபத்து. “பிள்ளை நசுங்கும், கழட்டு” என்று உடன் வரும் பெரியவர்கள் சொல்வார்கள். அன்பால் சொல்வதுதான், ஆனால் கழற்றக் கூடாது. சேலை, தடித்த சால்வை பட்டிக்கு அடியில் சுருண்டால் பட்டி மேலே நழுவும். பருத்திச் சட்டையோ தளர்ந்த கால்சட்டையோ பயணத்துக்கு நல்லது. முன்னால் இருந்தால் நெஞ்செலும்புக்கும் முன்பலகைக்கும் இடையில் 25 சென்ரிமீற்றராவது இருக்கும்படி இருக்கையைப் பின்னே தள்ளுங்கள்.

முதுகின் கீழ்வளைவுக்கு ஒரு சிறு தலையணை, தொடைக்கடியில் மடித்த துவாய். காலைத் தூக்கி முன்பலகையில் வைக்க வேண்டாம்.

முச்சக்கர வண்டி பட்டணத்துக்குள் மெதுவாகப் போக மட்டும். கந்தளாய் வீதியிலோ நிலாவெளிக்கோ அதில் போகாதீர்கள்.

வீதியில்

90 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி, பத்து நிமிடம் நடக்க வேண்டும். இதைப் புறப்படும் காலையில் சாரதியிடம் சொல்லி, எந்த ஊர்களில் நிறுத்தம் என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுங்கள். “அண்ணா, வேகம் வேண்டாம், ஒன்றரை மணிக்கு ஒருக்கா நிப்பாட்டுங்கோ, வயித்தில பிள்ளை” என்றால் எந்தச் சாரதியும் மறுக்கமாட்டார். சிங்களச் சாரதி என்றால் “ஹெமின் யன்ன” என்றால் மெதுவாகப் போங்கள் என்று பொருள். “இஸ்பிரிதாலெட்ட யன்ன ஓன” என்றால் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள்.

இருக்கையில் இருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டி, வட்டமாகச் சுழற்றுங்கள், அரைமணிக்கு ஒருமுறை இருபது தடவை. நீண்ட விமானப் பயணத்துக்கு அளவான அழுத்தக் காலுறை போடுங்கள். அளவு பார்க்காமல் வாங்கினால் முழங்காலடியில் வெட்டிப் பிடித்து எதிர்வேலை செய்யும்.

தண்ணீரைக் குறைத்தால் கழிவறைத் தேவை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பு வற்றினால் வயிறு இறுகும், சிறுநீரில் தொற்று வரும், அந்தத் தொற்றே பிரசவ வலியை முன்கூட்டித் தூண்டக் கூடும். நாளைக்கு இரண்டரை லீற்றர் அளவு குடியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் குடித்தது போதாது. வந்ததை அடக்கவும் கூடாது. பெற்றோல் செட்டுகளில் கழிவறை இருக்கும், ஆனால் பலவற்றில் குந்தும் வகை. கொமோட் வேண்டுமானால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணையில் உள்ள நல்ல சாப்பாட்டுக் கடைகளில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் பயன்படுத்தலாம். கைப்பையில் கடதாசி, சிறிய சவர்க்காரம், கைச்சுத்தத் திரவம், ஒரு மாற்று உள்ளாடை எப்போதும் இருக்கட்டும்.

குமட்டல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் புறப்படக் கூடாது. இரண்டு விசுக்கோத்து, ஒரு வாழைப்பழம், அரைக் கோப்பை இஞ்சித் தேத்தண்ணி. தேசிக்காய் ஒன்றைக் கீறி மூக்கருகில் வைத்துக்கொள்வது பழைய வழக்கம், பலருக்குக் கேட்கும். தொலைபேசியைப் பார்க்காமல் தூரத்து வீதியைப் பாருங்கள். குமட்டல் மாத்திரை எதையும் வழிப் பாமசியில் வாங்கிப் போடாமல் உங்கள் மருத்துவர் எழுதியதையே கொண்டுவாருங்கள்.

அறை

உப்புவெளியா நிலாவெளியா என்பதுதான் எல்லோரும் கேட்பது. உப்புவெளி பட்டணத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர், நிலாவெளி பதினைந்து அளவு. கரை நிலாவெளியில் அகலம், சனம் குறைவு. ஆனாலும் 24 வாரம் தாண்டியவர்கள் உப்புவெளியில் தங்குவதே சரி. பட்டணத்துப் பொது வைத்தியசாலைக்குப் பதினைந்து நிமிடம், நிலாவெளியிலிருந்து அரைமணி. நள்ளிரவில் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குப் பெறுமதி உண்டு.

கேட்டுப் பார்க்க வேண்டியவை: நிலமாடி அறை, கொமோட், வழுக்காத குளியலறைத் தரை, ஓட்டையில்லாத நுளம்புவலை, குளிரூட்டி, மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி. இரண்டு தலையணை கூடக் கேளுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுக்க வேண்டும், முழங்காலுக்கிடையில் ஒன்று, முதுகுக்கு ஒன்று வேண்டும்.

ஊரில் நாலு நாள்

ஆனி, ஆடியில் இங்கே கச்சான் காற்று அடிக்கும். மேற்கிலிருந்து காடும் வயலும் தாண்டி வருவதால் சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் இழந்தது தெரியாது, பின்னேரம் தலையிடியாகத்தான் தெரியும். ஆகவே நாளை இரண்டாக மடியுங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வெளியே, பத்திலிருந்து நாலு வரை அறையிலோ மரநிழலிலோ, நாலரைக்குப் பிறகு மறுபடி வெளியே. கிழக்குக் கரையாதலால் சூரியன் கடலிலிருந்து எழும். அந்த நேரத்து ஈரமணலில் அரைமணி நடந்தால் வீங்கிய காலுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

கடலில் இறங்கலாம், இடுப்பளவு வரை, கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, அலையில்லாத காலையில். தண்ணீர் வயிற்றுப் பாரத்தைத் தாங்கும்போது முதுகுக்குக் கிடைக்கும் சுகத்தை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். சொறி (ஜெல்லிமீன்) மிதக்கிறதா என்று கரையில் நிற்கும் மீனவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். சுவாசக்குழாயும் தொட்டியும் கட்டி ஆழத்தில் மூழ்குவது கர்ப்பத்தில் முற்றாக விலக்கு. மேலெழும்போது இரத்தத்தில் உண்டாகும் வாயுக்குமிழிகள் பிள்ளையைப் பாதிக்கலாம். புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் போகும் படகுகள் சிறியவை. ஒவ்வொரு அலைக்கும் எழும்பிக் குத்தும், கரையிலிருந்து காலைத் தூக்கி ஏறவும் வேண்டும். கடல் கண்ணாடிபோல் கிடந்தாலும் வேண்டாம் என்றே சொல்கிறோம், திரும்பும் நேரத்தில் காற்று எழும்பிவிடும்.

கோணேசர் கோயிலுக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. பிரெட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து ஏற்றத்தில் ஏற வேண்டும். வாகனம் மேலே கோயிலடி வரை போகும், திருவிழா நாட்களில் கீழேயே மறிப்பார்கள். அந்த நாட்களைத் தவிருங்கள். செருப்பைக் கழற்றி நடக்கும் கல் பத்து மணிக்குப் பிறகு கொதிக்கும், ஆகவே காலைப் பூசை அல்லது மாலை. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கத்தில் காற்று தள்ளும், கைபிடிச் சுவரோரம் எட்டிப் பார்க்காதீர்கள். பிள்ளைவரம் கேட்டு மரத்தில் கட்டிய சிறு தொட்டில்கள் ஆடிக்கொண்டிருக்கும். பலர் அதைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள், அங்கே நிழல் உண்டு, கொஞ்சம் இருந்துவிட்டு வாருங்கள். மாதம் ஏறிய கர்ப்பிணி மலைக்கோயில் ஏறக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது என்ற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் பட்டணத்தில் பத்திரகாளி அம்மன் கோயில் இருக்கிறது, சமதரை. கோட்டையடியில் திரியும் மான்களுக்குக் கையால் தீனி கொடுக்க வேண்டாம், ஒன்றையொன்று முட்டித் தள்ளி உங்கள்மேல் விழும்.

கன்னியா வெந்நீர் ஊற்றுகள் பட்டணத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவு, அனுராதபுர வீதியில். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. உடம்புச் சூடு 39 பாகைக்கு மேல் ஏறுவது கர்ப்பத்துக்கு ஆகாது, குறிப்பாக முதல் மூன்று மாதத்தில். கிணற்றில் அமிழ்வது இல்லை, வாளியால் அள்ளி ஊற்றுவதுதான். ஆகவே சூடு குறைந்த கிணற்றில் அள்ளிக் கால்களுக்கு மட்டும் ஊற்றலாம். தரை எப்போதும் ஈரம், வழுக்கும். இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதீகம், இன்றும் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் உண்டு. பெரியவர்கள் விரும்பாவிட்டால் விட்டுவிடுவதில் இழப்பில்லை.

உறவினர் உள்ளவர்களுக்கு ஒரு சொல். ஒரு வீட்டுக்குப் போய் மறு வீட்டுக்குப் போகாவிட்டால் குறை நினைப்பார்கள், ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிடாமல் விடமாட்டார்கள். ஓய்வுக்கென்று வந்த பயணம் இப்படித்தான் பலருக்குக் களைப்பாக முடிகிறது. ஒரு பின்னேரம், ஓர் இடம், எல்லோரும் அங்கே வரட்டும் என்று கணவர் முன்னரே சொல்லிவிடட்டும். அவர் சொன்னால் குறை உங்கள்மேல் வராது.

சாப்பாடு

காலையில் இடியப்பமும் சொதியும், அல்லது புட்டு. “உறைப்புக் குறைச்சு” என்று சொல்லத் தயங்காதீர்கள். நெஞ்செரிவு உள்ளவர்கள் இரவு கொத்துரொட்டியைத் தவிர்க்க வேண்டும்.

மீனுக்குப் பேர்போன ஊர் இது. சாளை, நெத்தலி, சூடை, விளைமீன் தாராளமாகச் சாப்பிடலாம், நன்கு வெந்ததாக. சுறா, பெரிய அறக்குளா, பெரிய சூரை போன்றவை சிறுமீன்களைத் தின்று வளர்வதால் உடம்பில் பாதரசம் சேரும், அது பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு ஆகாது. சுறாப்புட்டு பிள்ளை பிறந்த பிறகு. கணவாய், இறால் நல்லது, தட்டில் வரும்போது ஆவி பறக்க வேண்டும்.

வீதியோரம் கண் முன்னே வெட்டும் செவ்விளநீர், பானையிலிருந்து எடுத்த அவித்த சோளம், தோலுரித்துச் சாப்பிடும் வாழைப்பழம் பாதுகாப்பானவை. வெட்டி உப்புத்தூள் போட்ட அன்னாசி, ஐஸ் போட்ட சர்பத் வேண்டாம். எருமைத் தயிர் சட்டிகள் கந்தளாய்ப் பக்கம் வழி நெடுக அடுக்கியிருக்கும். காய்ச்சிய பாலில் உறையவிட்டதா என்று கேட்டு, அன்றைய தயிராக, குளிர்ப்பெட்டியில் வைத்த கடையில் வாங்குங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வீண். இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி என்ற ஓ.ஆர்.எஸ். பொடி ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் குடித்துக்கொண்டே இருங்கள். ஆறு மணி நேரத்தில் நிற்காவிட்டால் வைத்தியசாலை.

நுளம்பும் காய்ச்சலும்

இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது, அதற்கான மாத்திரை தேவையில்லை. டெங்கு உண்டு, அதன் நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையும் பொழுதுபடும் நேரமும் கடிக்கும். முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள். 20 வீதம் டீட் என்ற நுளம்பு விரட்டி மருந்து உள்ள பூச்சைக் கர்ப்பிணிகள் பயன்படுத்தலாம். முதலில் வெயில் பூச்சு, அது காய்ந்தபின் நுளம்புப் பூச்சு.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். இபுபுரோஃபன் போன்ற வலிமாத்திரைகள் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும், பிள்ளைக்கும் ஆகாது. மற்றவர்கள் மூன்றாம் நாள் வரை பார்ப்பார்கள். கர்ப்பிணி முதல் நாளே வைத்தியசாலைக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அவசரம் என்றால்

1990. இலவச சுவசெரிய அம்புலன்ஸ், நாடு முழுவதும் வரும், தமிழிலும் பேசலாம். எண்ணைச் சாரதிக்கும் கணவருக்கும் உங்களுக்கும் இப்போதே பதிந்துவிடுங்கள்.

வழியிலுள்ள வைத்தியசாலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: குருநாகல் போதனா, தம்புள்ளை ஆதார, கந்தளாய் ஆதார, திருகோணமலைப் பொது. வடக்கு வழியில் யாழ்ப்பாணம் போதனா, கிளிநொச்சி, வவுனியா. ஒவ்வொரு நேரமும் முன்னால் இருப்பது அண்மையா, பின்னால் விட்டது அண்மையா என்று கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல்தான் பதற்றத்தில் தூரமான பக்கம் ஓடுகிறார்கள்.

இவற்றில் ஒன்று வந்தாலும் அறைக்குப் போய்ப் படுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்: சிறிதளவேனும் இரத்தம், தண்ணீர் கசிதல், நிற்காத வயிற்றுவலி அல்லது ஒழுங்கான இடைவெளியில் வயிறு இறுகுதல், கடும் தலையிடியோடு கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தல், மூச்சு முட்டல், நெஞ்சுவலி, பிள்ளையின் அசைவு வழக்கத்திலும் குறைதல். வாகனம் சிறிதாக மோதினாலும், வெளியே ஒரு காயமும் இல்லாவிட்டாலும், வயிற்றைக் காட்டியே ஆக வேண்டும். நச்சுக்கொடி பிரிவது சில மணி நேரம் கழித்தே தெரியவரும்.

திரும்பும்போது

வந்த வழியிலேயே, வந்த நிறுத்தங்களிலேயே திரும்புங்கள். எந்தக் கடையில் நல்ல கழிவறை இருக்கிறது என்று இப்போது தெரியும். விமானத்துக்கு முதல்நாள் நீர்கொழும்பில் இருங்கள். விமானத்தில் நடைவழியோர இருக்கை கேளுங்கள், பட்டியை வயிற்றுக்குக் கீழே பூட்டி மணிக்கு ஒருமுறை எழும்பி நடவுங்கள். வீடு போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக “இலங்கையிலிருந்து வந்தேன்” என்று சொல்லுங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் டெங்கு அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வராது. ஒரு பக்கக் கால்வீக்கத்தையும் அடுத்த சில கிழமைகள் கவனித்துக்கொள்ளுங்கள்.